கதையில டி.பி. வைக்கணுமா, பிளேக் வைக்கணுமா? எழுத உட்கார்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

நம்ம கதைகள்ல ஒரு சீன் திரும்பத் திரும்ப வரும். ஹீரோயின் லேசா இருமுவா, முந்தானைய வாயில வச்சு எடுப்பா, ஒரு சிவப்புப் புள்ளி, யாரும் பாக்குறதுக்குள்ள மடிச்சு மறைச்சுடுவா, அடுத்த சீன்ல டாக்டர் கண்ணாடியக் கழட்டுவாரு, அதுக்கடுத்த சீன்ல மாலை போட்ட போட்டோ. மூணே சீன்ல ஆளு காலி. படிக்கிறவங்களுக்கு அழுகை வந்தாலும் வரும், ஆனா வீட்ல ஒரு டி.பி. பேஷண்ட்டப் பாத்த யாரும் இதை நம்ப மாட்டாங்க, ஏன்னா டி.பி. அவ்ளோ அவசரப்படுற நோயே கிடையாது. இன்னொரு பக்கம் சரித்திரக் கதை எழுதறவங்க, பிளேக் வந்த ஊர்ல நாயகன மாசக்கணக்குல படுக்கையில போட்டு காதலிக்கு லெட்டர் எழுத வைக்கிறாங்க. மருந்தில்லாத காலத்துல பிளேக் வந்தவன் ஒரு வாரத்துக்குள்ள ஒண்ணு செத்துருவான், இல்ல தப்பிச்சுருவான்.

நான் சொல்ல வர்றது ரெண்டே விஷயம்தான். ஒண்ணு, நீங்க எடுத்த நோயோட வேகம் என்னன்னு பாருங்க. ரெண்டு, உங்க கதை நடக்குற வருஷத்துல, அந்த ஊர்ல, அது எப்படிப் பரவுதுன்னு ஜனங்க நம்பினாங்கன்னு பாருங்க. இந்த ரெண்டும் சரியா அமைஞ்சுட்டா பாதி கதை தானா வந்துடும், யாரு ஓடுவாங்க, யாரு பக்கத்துல உக்காந்து பாத்துக்குவாங்க, யாரு பொய் சொல்லுவாங்க எல்லாமே அதுலேருந்துதான் வருது.

டி.பி. எடுக்கிறீங்கன்னா வருஷக் கணக்குல யோசிங்க

மருந்தே இல்லாத காலத்துல, சளியில கிருமி தெரியுற அளவுக்கு நுரையீரல் டி.பி. முத்தினவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேரு அஞ்சு வருஷத்துக்குள்ள செத்தாங்க. அப்ப மீதிப் பாதி? சிலருக்குத் தானாவே சரியாச்சு, சிலரு இழுத்துக்கிட்டே இருந்தாங்க. நடுவுல நல்லாயிடுச்சுன்னு நினைக்கிற மாசங்கள் வரும், வெயிட் ஏறும், பசி எடுக்கும், அப்புறம் ஒரு மழைக்காலத்துல திரும்பவும் சாயங்காலம் ஆனா உடம்பு கதகதன்னு ஆகும், ராத்திரி வேர்த்து தலகாணி உறை நனையும், ஜாக்கெட் தொளதொளன்னு ஆகும். இந்த ஏறி இறங்குறதுதான் உங்க கதைக்குத் தீனி. அந்த நல்ல மாசத்துலதான் கல்யாணம் பேசுவாங்க, கடன் வாங்கி வீடு கட்டுவாங்க.

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் வாழ்க்கையப் பாருங்க, இதைவிட நல்ல பாடம் கிடையாது. அவரே டாக்டர். 1884லயே இருமல்ல ரத்தம் பாத்துட்டாரு. ஆனா இன்னொரு டாக்டர்கிட்ட போய்க் காட்டிக்கல, அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு சமாளிச்சே ஓட்டினாரு. 1897 மார்ச்ல மாஸ்கோவுல ஒரு ஓட்டல்ல தன்னோட பதிப்பாளர் சுவோரின்கூட சாப்பிட உக்காந்தப்ப ரத்தம் நிக்காமக் கொட்டுச்சு, அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனாரு. அதாவது 13 வருஷம் ஒரு டாக்டர் தன்னோட நோயப் பாக்காத மாதிரியே இருந்திருக்காரு. அதுக்கப்புறமும் ஏழு வருஷம் இருந்தாரு. 1901ல நடிகை ஓல்காவைக் கல்யாணம் பண்ணாரு, குளிரு ஆகாதுன்னு இவரு யால்ட்டாவுல, நாடகம் இருக்குன்னு அவங்க மாஸ்கோவுல, ரெண்டு பேரும் கடுதாசியிலயே குடும்பம் நடத்துனாங்க. அவரோட கடைசி நாடகம் 1904 ஜனவரியில மேடை ஏறுச்சு, ஜூலையில ஜெர்மனியில பேடன்வைலர்ல செத்தாரு, வயசு 44. நீங்க ஒரு டி.பி. கதை எழுதறீங்கன்னா இந்த 20 வருஷத்த மனசுல வச்சுக்கோங்க. சாவு சீன் கடைசி ரெண்டு பக்கம் போதும்.

ரத்தம் வைக்கணும்னா ஒரே ஒரு தடவ வைங்க, ஆனா சரியா வைங்க. எல்லா டி.பி.க்கும் ரத்தம் வராது, அதை முதல்ல தெரிஞ்சுக்கோங்க. வந்தா இருமும்போது வரும், பளிச்னு சிவப்பா, நுரையோட இருக்கும், வாந்தியில வர்ற கருஞ்சிவப்பு வேற கதை. இங்கிலீஷ் கவிஞர் கீட்ஸ் விஷயம் தெரியும்ல, 1820 பிப்ரவரி 3, குளிர்ல கோச் வண்டியோட வெளிப்பக்க சீட்ல உக்காந்து வந்துட்டு காய்ச்சலோட வீட்டுக்கு வர்றாரு, நண்பர் பிரவுன் படுக்கையில படுக்க வைக்கிறாரு, போர்வைக்குள்ள போகும்போதே ஒரு இருமல், விரிப்புல ஒரு சொட்டு. கீட்ஸ் கத்தல, அழல. மெழுகுவத்தியக் கொண்டா, அந்த ரத்தத்தப் பாக்கணும்ங்கிறாரு. ஏன்னா அவரு மருத்துவம் படிச்சவரு, நிறத்தப் பாத்தே இது தமனி ரத்தம், இது எனக்கு மரண ஓலைன்னு சொல்லிட்டாரு. அம்மாவும் தம்பி டாமும் இதே நோயிலதான் போனாங்க, தம்பியப் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டதே இவருதான். ஒரு சொட்டு ரத்தத்துக்குள்ள படிப்பு, குடும்பம், பயம் எல்லாம் வந்துடுச்சு பாருங்க. கர்சீஃப்ல பக்கெட் பக்கெட்டா ஊத்த வேண்டியதில்ல.

வெளுத்த முகம், பெரிய கண்ணு, மெலிஞ்ச கழுத்துன்னு டி.பி.ய அழகாக் காட்டுற பழக்கம் 19ம் நூற்றாண்டு ஐரோப்பாவுல கிளம்பினது. பாரிஸ்ல மரீ டுப்ளெஸ்ஸின்னு ஒரு பொண்ணு 1847ல 23 வயசுல டி.பி.யில செத்தா, அடுத்த வருஷமே அவளோட பழைய காதலன் டூமா மகன் அவள வச்சு நாவல் எழுதிட்டாரு, 1853ல அது வெர்டியோட ஆப்பராவா ஆச்சு, மேடையில சாகப்போற பொண்ணு நுரையீரல் நிறைய மூச்ச இழுத்துப் பாடுறா! அங்கேருந்து எங்கெங்கயோ சுத்தி நம்ம சினிமா வரைக்கும் வந்து சேந்துடுச்சு. நிஜத்துல என்ன ஆகும்னா, நோய் தொண்டைக்குப் போனா குரல் கட்டிப் போகும், முழுங்கவே முடியாது. எழுத்தாளர் காஃப்காவுக்கு அதான் ஆச்சு. 1924ல வியன்னா பக்கத்துல கீர்லிங்ல ஒரு சானடோரியத்துல (டி.பி.க்காரங்க தங்கி உடம்பத் தேத்திக்கிற இடம்) படுத்திருந்தாரு, தண்ணி குடிக்கவே கஷ்டம், பேசக்கூடாதுன்னு சொன்னதால துண்டுச் சீட்டுல எழுதிக் காட்டுவாரு. அந்த நெலமையில அவரு புரூஃப் பாத்துக்கிட்டிருந்தது பட்டினி கிடக்குறதையே தொழிலா வச்சிருக்குற ஒருத்தனோட கதை. கற்பனையில இதை எழுதியிருந்தா ஓவர்னு எடிட்டர் வெட்டியிருப்பாரு.

நுரையீரல் மட்டும்தான்னும் நினைக்காதீங்க. முதுகெலும்புல வந்து கூன் விழும், கழுத்துல கழலை கட்டும், குழந்தைங்களுக்கு மூளைக்காய்ச்சலா வரும். கூன் விழுந்த பாட்டி ஒருத்தி சின்ன வயசுல டி.பி. வந்து பிழைச்சவளா இருக்கலாம், இருமலே இல்லாத ஒரு டி.பி. கதாபாத்திரம்.

இப்ப வருஷத்துக்கு வாங்க

ரொம்பப் பேரு கோட்டை விடுற இடம் இதுதான். ராபர்ட் கோக் பெர்லின்ல டி.பி.க் கிருமியக் கண்டுபுடிச்சதா அறிவிச்சது 1882 மார்ச் 24. அதுக்கு முன்னாடி நடக்குற கதையில யாரும் "கிருமி தொத்திக்கும், தள்ளி நில்லு"ன்னு பேசக்கூடாது. ஆனா அதுக்காக யாருமே பயப்படலன்னும் எழுதிடாதீங்க, இடத்துக்கு இடம் வேற மாதிரி. இங்கிலாந்து, வட ஐரோப்பா பக்கமெல்லாம் இது பரம்பரையா வர்றது, உடம்பு வாகு, மனசு வாகுன்னு நம்பினாங்க, அதனால அக்கா தங்கச்சிங்க ஒரே கட்டில்ல படுத்தாங்க. தெற்க இத்தாலி, ஸ்பெயின் பக்கம் போனா இது ஒட்டுற நோய்னு சட்டமே இருந்துச்சு. கீட்ஸ் 1821 பிப்ரவரியில ரோம்ல செத்ததும் அவரு ரூம் சாமானையெல்லாம் எரிச்சாங்க. 1838ல இசைக்கலைஞர் ஷோப்பான் ஸ்பெயினோட மயோர்கா தீவுக்குப் போனப்ப, டாக்டருங்க டி.பி.ன்னு சொன்னது வெளிய தெரிஞ்ச உடனே வீட்டுக்காரரு காலி பண்ணச் சொல்லிட்டாரு, கடைசியில வல்தெமோசாவுல ஒரு பழைய மடத்துல போய்த் தங்குனாங்க. லண்டன்லேருந்து ரோமுக்கு உடம்பு தேறணும்னு போற ஒரு கதாபாத்திரம், வீட்டுல எல்லாரும் கட்டிப்புடிச்சு வழியனுப்பி வைக்க, போய் இறங்குன ஊர்ல ஒருத்தரும் தொடமாட்டேங்குறாங்க. ஒரு அத்தியாயத்துக்கு இது போதாதா?

1882க்கு அப்புறம் உலகமே மாறுது. எச்சில் துப்பாதீர் போர்டு வருது, பாக்கெட்ல வச்சுக்குற நீலக் கண்ணாடி எச்சில் குப்பி வருது, சானடோரியம் பெருகுது. சானடோரியம்னா ஆஸ்பத்திரி வார்டு மாதிரி எழுதாதீங்க. பால்கனியில சாய்வு நாற்காலி, பனி பெய்யும்போதும் கம்பளியச் சுத்திக்கிட்டு மணிக்கணக்குல அசையாமப் படுத்திருக்கணும், ஒரு நாளைக்குப் பல தடவ டெம்பரேச்சர் பாத்துக் குறிக்கணும், வேளா வேளைக்குப் பாலும் முட்டையுமாத் திணிப்பாங்க. ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன் 1912ல சுவிட்சர்லாந்துல டாவோஸ் சானடோரியத்துல இருந்த தன் மனைவியப் பாக்கப் போனாரு, அதுலேருந்து கிளம்புனது 1924ல வந்த அவரோட பெரிய நாவல், அதுல மூணு வாரம்னு விருந்தாளியாப் போறவன் ஏழு வருஷம் தங்கிடுறான். அங்க நேரம் போற விதமே வேற, கீழ ஊர்ல இருக்குறவங்க மறந்துடுவாங்க, மேல இருக்குறவங்களுக்குள்ள காதல், சண்டை, கிசுகிசு எல்லாம் நடக்கும்.

நம்ம ஊர்க் கதைன்னா தாம்பரம் இருக்கு. 1928ல டாக்டர் சௌரிமுத்து ஆரம்பிச்ச சானடோரியம், இப்பவும் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல போறவங்க அந்த ஸ்டேஷன் பேர தெனமும் சொல்றாங்க, எதுக்கு அந்தப் பேருன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. அதுக்கு முன்னாடி அவரு இங்கிலாந்துல மெண்டிப் மலைப் பக்கம் ஒரு சானடோரியம் வச்சிருந்தாரு, கணிதமேதை ராமானுஜனும் அங்க கொஞ்ச காலம் இருந்தாரு. ராமானுஜன் 1920ல சேத்துப்பட்டுல 32 வயசுல செத்தப்ப டி.பி.ன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. 1994ல ஒரு ஆங்கில டாக்டர் பழைய குறிப்பையெல்லாம் அலசிட்டு, இது கல்லீரல்ல வர்ற அமீபா நோயா இருந்திருக்கும், அந்தக் காலத்துலயே குணப்படுத்தியிருக்கலாம்னு எழுதுனாரு. தப்பான நோய்னு முடிவு பண்ணிட்டதால போன உயிருன்னு ஒரு கதை வேணும்னா இதுதான் மாதிரி.

மருந்து வந்த வருஷங்களையும் எழுதி வச்சுக்கோங்க. ஸ்ட்ரெப்டோமைசின் அமெரிக்காவுல 1943ல, ஐசோனியசிட் 1952ல. இந்த நடுவுல இருக்குற பத்து வருஷம்தான் கதைக்காரனுக்குப் பொக்கிஷம், ஏன்னா மருந்து இருக்கு, ஆனா கைக்கு எட்டல, எட்டுனாலும் முழுசா வேலை செய்யல. 1948 அக்டோபர்ல லண்டன்ல பரிசோதனை முடிவு வெளியாச்சு. ஆறு மாசத்துல, மருந்து போட்டுக்கிட்ட 55 பேர்ல 4 பேர் செத்தாங்க, படுக்கையில ஓய்வு மட்டும் எடுத்த 52 பேர்ல 14 பேர். எல்லாரும் துள்ளிக் குதிச்சாங்க, ஆனா தனியா அந்த ஒரே மருந்தப் போட்டதால பல பேருக்குக் கிருமி பழகிப்போய் மருந்து கேக்காமப் போயிடுச்சு. அந்த முடிவு வெளியாகுறதுக்கு நாலு மாசம் முன்னாடி, ஜூன் 30, திருவனந்தபுரத்துல புதுமைப்பித்தன் டி.பி.யில செத்துப் போனாரு, 42 வயசு. ஜார்ஜ் ஆர்வெல்லுக்கு அதே 1948ல அமெரிக்காவுலேருந்து மருந்து வரவழைச்சுப் போட்டாங்க, அவரு உடம்பு ஒத்துக்கல, தோல் உரிஞ்சு வாயெல்லாம் புண்ணாகி நிறுத்த வேண்டியதாப் போச்சு, 1950 ஜனவரியில போயிட்டாரு.

1956க்கு அப்புறம் மெட்ராஸ்ல நடக்குற கதைன்னா நோயாளிய மலை மேல அனுப்பாதீங்க. அந்த வருஷம் சேத்துப்பட்டுல ஆரம்பிச்ச டி.பி. மருந்து ஆய்வு மையத்துல 193 பேர எடுத்து, பாதிப் பேர சானடோரியத்துல வச்சாங்க, பாதிப் பேர அவங்கவங்க வீட்லயே வச்சு மாத்திரை குடுத்தாங்க. வீட்ல இருந்தவங்க ரொம்ப ஏழைங்க, நெரிசலான ஒத்த ரூம், சாப்பாடும் மட்டம், வேலைக்கும் போயிட்டு வந்தாங்க. அப்பவும் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குணமாச்சு, வீட்ல இருந்தவங்களால குடும்பத்துக்குக் கூடுதலாப் பரவவும் இல்ல. 1959ல இது வெளிவந்ததும் உலகம் பூரா சானடோரியங்க மூடுவிழாக் காண ஆரம்பிச்சுச்சு. டாவோஸ் பனிமலைக்குப் பூட்டுப் போட்டதுல சேத்துப்பட்டுக்கும் பங்கு இருக்கு, இதை யாராச்சும் நாவலா எழுதுங்கப்பா.

இன்னைக்கு நடக்குற கதையா? அப்ப சாவ விடுங்க, ஆறு மாசம் மாத்திரைய எழுதுங்க. மொத ரெண்டு மாசம் நாலு மருந்து, அப்புறம் கொறையும். அதுல ஒண்ணான ரிஃபாம்பிசின் போட்ட மொத நாளு மூத்திரம் ஆரஞ்சு கலர்ல போகும், யாரும் முன்னாடியே சொல்லலன்னா அலறி அடிச்சுக்கிட்டு ஓடி வருவாங்க. நோயக் குடும்பத்துக்குத் தெரியாம மறைக்கிற மருமகளுக்கு இந்த ஆரஞ்சு கலரே ஒரு சஸ்பென்ஸ். சரியான மருந்து ஆரம்பிச்சு ரெண்டு வாரம் போல ஆனா பெரும்பாலும் அடுத்தவங்களுக்குப் பரவாது, தட்டு டம்ளர் தனியா வைக்கிறது எந்தக் காலத்துலயும் தேவையில்ல, ஏன்னா இது காத்துலதான் பரவுது, காத்தோட்டம் இல்லாத ரூம்ல கூடவே இருக்குறவங்களுக்கு. ஆனா மாமியாரு தட்ட தனியாத்தான் வைப்பாங்க, அதையும் எழுதணும். ரெண்டு மாசத்துல உடம்பு தேறுனதும் மாத்திரைய நிறுத்திட்டு துபாய்க்கு வேலைக்குக் கிளம்புறவனையும் எழுதணும், ஏன்னா மருந்து கேக்காத டி.பி. அப்படித்தான் உருவாகுது. பழங்காலத்து நோய்னும் நினைச்சுடாதீங்க, உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 2023ல மட்டும் ஒரு கோடிக்கு மேல புதுசா டி.பி. வந்திருக்கு, 12 லட்சத்துக்கு மேல சாவு, நோயாளிகள்ல நாலுல ஒருத்தரு நம்ம நாட்டுக்காரரு.

பிளேக்குன்னா நாள் கணக்கு

கிருமி உள்ள போய் ஒரு வாரத்துக்குள்ள காய்ச்சல் அடிக்கும், திடீர்னு, குளிர் நடுக்கத்தோட. தலைவலி மண்டையப் பொளக்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், தெருவுல போறவங்க குடிச்சிருக்கான்னு நினைப்பாங்க. அப்புறம் தொடை இடுக்குல, அக்குள்ல, கழுத்துல நெறி கட்டும், கோழி முட்டை சைஸ் வரைக்கும் போகும், தொட்டாலே உயிர் போற வலி, தொடை இடுக்குல வந்தவன் கால மடக்கியே வச்சிருப்பான், நீட்ட முடியாது. மருந்தில்லாத காலத்துல நெறி கட்டுற பிளேக்ல பாதிக்குப் பாதி போகும். இதையும் பல பேரு கவனிக்கிறதில்ல, வந்தா எல்லாரும் சாகணும்னு இல்ல, நெறி உடைஞ்சு சீழ் வெளியேறிப் பிழைச்சவங்க நிறைய, அவங்கதான் அப்புறம் பொணம் தூக்கவும் நோயாளியப் பாக்கவும் தைரியமாப் போவாங்க. நுரையீரலுக்குப் போற பிளேக்தான் ஆளுக்கு ஆள் மூச்சுல பரவும், ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சுரும், மருந்தில்லாமப் பிழைச்சவங்க கிட்டத்தட்ட யாருமில்ல. ஒரு வேடிக்கை, டி.பி.க்கு மொதல்ல வந்த அதே ஸ்ட்ரெப்டோமைசின் பிளேக்கையும் குணமாக்கும்.

இவ்ளோ வேகமான நோய வச்சு ஒரு ஆளோட மனசுக்குள்ள போய்ப் பெரிசா எழுத முடியாது, அதனால ஊர எழுதுங்க. வாசல்ல காவலு, வண்டி, வதந்தி, விலைவாசி, யாரு மேல பழி போடுறது. வரிசையும் முக்கியம், முதல்ல எலி சாகும், எலி செத்ததும் தெள்ளுப்பூச்சி வேற உடம்பு தேடும், அப்புறம்தான் மனுஷன். வீட்ல எலி செத்து விழுந்தா பாத்திரம் பண்டத்த எடுத்துக்கிட்டு ஊருக்கு வெளிய குடிசை போட்டுத் தங்குற பழக்கம் இந்தியக் கிராமங்கள்ல இருந்துச்சு, விஞ்ஞானிங்க காரணம் சொல்றதுக்கு முன்னாடியே. கோயம்புத்தூர்ல பிளேக் மாரியம்மன்னே கோயில் இருக்கு, பிளேக் வந்து போனதோட தடம். சாமி, கஞ்சி, வேப்பிலை எல்லாம் உங்க கதையில மூடநம்பிக்கைன்னு ஒரு ஓரமா ஒதுக்காம, ஜனங்க கையில இருந்த ஒரே வழியா வச்சு எழுதிப் பாருங்க.

இங்கிலாந்துல ஈம்னு ஒரு கிராமம். 1665ல லண்டன்லேருந்து ஒரு டெய்லருக்குத் துணிப் பொட்டலம் வருது, துணி ஈரமா இருந்ததால ஜார்ஜ் விக்கர்ஸ்ங்கிற ஆளு அதைப் பிரிச்சு கணப்பு முன்னாடி காயப்போடுறாரு, தெள்ளுப்பூச்சிக்குச் சூடு பட்டா கேக்கணுமா, சில நாள்லயே ஆளு செத்தாரு. இலையுதிர் காலத்துல வரிசையா சாவு, பனிக்காலம் வந்ததும் அடங்குது, அப்பாடான்னு மூச்சு விடுறாங்க, அடுத்த கோடையில திரும்பவும் பத்திக்குது. பாதிரியார் மாம்ப்பெஸன் பேச்சக் கேட்டு 1666 ஜூன்ல ஊரே தனக்குத் தானே எல்லை போட்டுக்கிச்சு, யாரும் வெளிய போகக்கூடாது. எல்லைக் கல்லுல வினிகர் ஊத்தி அதுல காசு போட்டு வைப்பாங்க, பக்கத்து ஊர்க்காரங்க காச எடுத்துக்கிட்டு சாமான வச்சிட்டுப் போவாங்க. 260 பேரு வரைக்கும் செத்தாங்கன்னு சொல்றாங்க, பாதிரியார் பொண்டாட்டியும் அதுல ஒருத்தரு. அந்தப் பனிக்கால இடைவெளியக் கவனிங்க, திரைக்கதைக்காரங்க இண்டர்வலுக்கு அலையுறாங்க, இங்க நோயே போட்டுக் குடுக்குது.

வருஷத் தப்பு பிளேக்லயும் உண்டு. பறவை மூக்கு மாஸ்க் போட்ட டாக்டர 1348ல கொண்டு வந்து நிறுத்தாதீங்க, அது 17ம் நூற்றாண்டுச் சமாச்சாரம். 1347 அக்டோபர்ல இத்தாலியில மெசினாவுக்குக் கப்பல்ல வந்து சில வருஷத்துல ஐரோப்பாவுல மூணுல ஒருத்தர், சில இடத்துல பாதிப் பேர வாரிக்கிட்டுப் போனப்ப, பாரிஸ் மருத்துவப் பேராசிரியருங்க சொன்ன காரணம் 1345ல சனி, குரு, செவ்வாய் கும்ப ராசியில சேந்தது. நம்ம ஜோசியக்காரருக்கே கும்பிடு போட வைக்கும். சாதாரண ஜனங்க யூதருங்க கெணத்துல விஷம் வச்சுட்டாங்கன்னு நம்பினாங்க, 1349 பிப்ரவரியில ஸ்ட்ராஸ்பர்க்ல நூத்துக்கணக்கான யூதர்கள உயிரோட எரிச்சாங்க. 1665 லண்டன்ல நாயையும் பூனையையும் கொல்ல உத்தரவு போட்டாங்க, எலிக்கு அது கொண்டாட்டமாத்தான் இருந்திருக்கும்.

நம்ம பக்கம் எழுதணும்னா 1896 செப்டம்பர், பம்பாய் மாண்ட்வி. யெர்சன் ஹாங்காங்ல கிருமியக் கண்டுபுடிச்சு ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்துச்சு, தெள்ளுப்பூச்சிதான் தூக்கிக்கிட்டுப் போகுதுன்னு சிமோன் கராச்சியில காட்டுனது 1898ல, அதையும் பல வருஷம் யாரும் மதிக்கல. அதனால 1897ல சர்க்காரு என்ன பண்ணுச்சு? சுண்ணாம்பு அடிச்சது, கார்பாலிக் ஊத்துனது, கூரையப் பிரிச்சு வெயில் விட்டது, தட்டுமுட்டுச் சாமான எரிச்சது, நோயாளியோட குடும்பத்தத் தனியா முகாமுக்குக் கொண்டு போனது. புதுச் சட்டமும் கையில இருந்துச்சு. பிளேக்கா இல்லையான்னு பாக்க அக்குளையும் தொடை இடுக்கையும் தடவிப் பாக்கணும், அதுக்குப் பூனாவுல வீடு வீடாப் பட்டாளத்துக்காரன் நுழைஞ்சான், சமையக்கட்டு, பூஜையறை எல்லாத்துக்குள்ளயும். அதுல எரிஞ்ச கோவம்தான் 1897 ஜூன் 22, விக்டோரியா ராணி வைரவிழா ராத்திரி, சாபேகர் சகோதரர்கள் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டது வரைக்கும் போச்சு. அதே வருஷம் ஜனவரி 10ல ஹாஃப்கின் பம்பாய்ல தடுப்பூசிய முதல்ல தன் உடம்புலயே போட்டுப் பாத்தாரு. நல்லவன் கெட்டவன்னு பிரிக்காம, வியாதியத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு நல்லது பண்றதா நினைச்சு வீட்டுக்குள்ள பூட்ஸோட நுழையுறவன எழுதுனீங்கன்னா அந்தக் காலம் கண்ணு முன்னாடி வந்து நிக்கும்.

புதுசா ஒரு கொள்ளை நோயக் கற்பனை பண்றீங்களா

அப்ப நாலு கேள்விக்குப் பதில் எழுதிக்கோங்க: தொத்தி எத்தனை நாள் கழிச்சுத் தெரியும், தெரியுறதுக்கு முன்னாடியே பரப்புவானா, எது வழியாப் பரவும், யாரு பிழைப்பா. ரொம்ப வேகமாக் கொல்ற நோய் தூரம் போகாது, பஸ் ஏறுறதுக்குள்ள ஆளு விழுந்துட்டா அடுத்த ஊருக்கு எப்படிப் போகும்? எட்கர் ஆலன் போ கற்பனையா எழுதுன சிவப்புச் சாவு அரை மணி நேரத்துல கொன்னுடும், அது ஒரு கோட்டைக்குள்ள நடக்குற சின்னக் கதைங்கிறதால நிக்குது, அதையே நாட்டுக்கு நாடு பரப்பப் பாத்தீங்கன்னா நிக்காது. அந்தக் கதை வந்தது 1842 மே மாசம். அதே வருஷம் ஜனவரியில அவரோட இளம் மனைவி வர்ஜீனியா பாடிக்கிட்டு இருக்கும்போதே வாயிலேருந்து ரத்தம் வந்துச்சு, அது டி.பி.தான். அந்தச் சிவப்புச் சாவு கதையில கறுப்பு ரூம்ல ஜன்னல் கண்ணாடியெல்லாம் ரத்தச் சிவப்பா இருக்குறதப் படிக்கும்போது அந்த ஜனவரி ஞாபகம் வராம இருக்காது எனக்கு.

பிரெஞ்சு எழுத்தாளர் காம்யூவும் அப்படித்தான். 17 வயசுல அல்ஜியர்ஸ்ல டி.பி. வந்து கோல்கீப்பர் வேலையையே விட்டவரு. 1942ல திரும்ப வந்து, நுரையீரலுக்கு நல்லதுன்னு பிரான்ஸ்ல ஒரு மலைப்பக்கம் போயிருந்தப்ப, நேச நாட்டுப் படை வட ஆப்பிரிக்காவுல இறங்கிடுச்சு, வழி அடைபட்டு மனைவி அங்க, இவரு இங்க. அப்ப எழுதிக்கிட்டிருந்த பிளேக் நாவல்ல, 1947ல வந்துச்சு, ஓரான் நகரத்தக் கதவடைச்சு மனைவிய விட்டுப் பிரிஞ்ச ஆம்பளைங்களத்தான் பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்காரு. தனக்கு இருந்த மெதுவான நோய நேரா எழுதாம வேகமான ஒரு நோயாக்கி, ஒரு ஆளோட தவிப்ப ஊரு மேல ஏத்தி வச்சிட்டாரு. உங்களுக்கும் சொந்தத்துல ஏதாச்சும் இருந்து அதை நேரா எழுத வரலன்னா இந்த வழியப் போய்ப் பாருங்க, கற்பனை நோய்க்கு நிஜத்துல பாத்த ஒரு இருமலையோ ஒரு வேர்வை நாத்தத்தையோ குடுங்க.

எழுதி முடிச்சதும் ஒரு பழைய டெய்லி காலண்டர எடுத்துக்கிட்டு உக்காருங்க. நோயாளிக்கு மொத இருமல் எந்தத் தேதி, மொத காய்ச்சல் எந்தத் தேதி, கூட இருந்தவங்க எப்ப வந்தாங்க எப்ப போனாங்கன்னு கதையிலேருந்து ஒவ்வொண்ணா குறிச்சுட்டு வாங்க. பிளேக் கதையில ரெண்டு குறிப்புக்கு நடுவுல பத்து நாள் இடைவெளி இருந்தா ஏதோ இடிக்குதுன்னு அர்த்தம், டி.பி. கதையில ஒரே மாசத்துக்குள்ள எல்லாம் அடங்கிடுச்சுன்னா ரெண்டு தீபாவளி, ஒரு சீமந்தம், ஒரு வீடு மாத்துறது, இதுல ஏதாச்சும் நடுவுல சேருங்க. அதுக்கப்புறம் வசனத்த மட்டும் தனியாப் படிச்சு, அந்த வருஷத்துல இல்லாத வார்த்தை, இல்லாத மருந்து, இல்லாத பயம் எது இருந்தாலும் அடிச்சுடுங்க.